வேலைக்குப் புரொஜெக்டர் வாங்கப் போறீங்களா, வெலைய அப்புறம் பாருங்க, மொதல்ல ரூம் வெளிச்சத்தப் பாருங்க

மலேசியால சிலாங்கூர்ல இருக்குற பத்தாங் பெர்ஜுந்தை, இப்ப பெஸ்தாரி ஜெயான்னு போர்டு இருக்கே, அந்தப் பக்கம் இருக்குற தோட்டங்கள்லயும் பள்ளிக்கூடங்கள்லயும் கோவில் மண்டபங்கள்லயும் இப்ப எதுக்கெடுத்தாலும் சிலைடு போட்டுக் காட்டுறது வழக்கமாயிடுச்சு. சேஃப்டி டிரெய்னிங் எடுக்குறவங்க, இன்சூரன்ஸ் பண்றவங்க, டியூஷன் நடத்துறவங்க, தோட்டத்துக்கு உரம் மருந்து சப்ளை பண்ற சின்ன காண்ட்ராக்டர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல கணக்கு காட்டுற பொருளாளர், எல்லாருக்கும் கையோட தூக்கிட்டுப் போற மாதிரி, வெலை கொறஞ்ச ஒரு புரொஜெக்டர் வேணும். எல்லாரும் கேக்குறதும் ஒண்ணுதான், எந்த மாடல் வாங்கலாம்? நான் திருப்பிக் கேக்குறது, எந்த ரூம்ல, எத்தன மணிக்குக் காட்டப் போறீங்க? இதுக்குப் பதில் தெரிஞ்சாதான் மாடல் பேர் சொல்ல முடியும், தெரியாம சொன்னா உங்க காசு வீணாப் போயிடும்.

நேரம் ஏன் முக்கியம்னா, நம்ம நாட்டுல சூரியன் உதிக்கிறதே காலைல ஏழு மணிய ஒட்டித்தான், மறையுறதும் சாயங்காலம் ஏழே காலுக்கு முன்ன பின்னதான், 1982ல கடிகாரத்த அர மணி நேரம் முன்ன தள்ளி வச்சதுல இருந்து தீபகற்பத்துல இப்படித்தான். அதனால காலைல ஆறு மணிக்குப் பெரட்டுல, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடுற எடத்துல, ஆளுங்கள நிக்க வச்சு மருந்தடிக்கிற பாதுகாப்பப் பத்திப் படம் காட்டணும்னா அப்ப வெளிய கும்மிருட்டு, கொட்டகை லைட்ட ஒரு பக்கம் அணைச்சிட்டா உள்ளங்கைல அடங்குற சின்ன புரொஜெக்டரே போதும், செவுத்துல நல்லாத் தெரியும். அதே ஆளு அதே சின்ன புரொஜெக்டரத் தூக்கிட்டுப் பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போயி துரைக்கும் கிராணிக்கும் காட்டுனா செவுத்துல ஏதோ நெழலு மாதிரி ஒண்ணு தெரியும், அவ்ளோதான். சனிக்கெழம காலைல பள்ளிக்கூட டேவான்ல, அதாவது மண்டபத்துல, நடக்குற கூட்டமும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் கண்ணாடி லூவர் சன்னல், திரைச்சீலை பாதி இருக்கும் பாதி இருக்காது, வெளிச்சம் எல்லாப் பக்கமும் வந்து கொட்டும். கோவில் கமிட்டி கூட்டம் ராத்திரி எட்டு மணிக்குன்னா பரவால்ல, ஆனா ஏழு மணிக்குன்னு வச்சீங்கன்னா இன்னும் வெளிச்சம் இருக்கும், அதயும் கணக்குல எடுத்துக்கங்க.

இத கணக்காவே காட்டுறேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க, ஏன்னா இது புரிஞ்சிட்டா கடைக்காரர் என்ன சொன்னாலும் நீங்களே சரி பாத்துக்கலாம். 80 இஞ்ச் படம்னா அகலம் ஏறக்கொறைய 177 செண்டிமீட்டர், உயரம் 100 செண்டிமீட்டர், பரப்பளவு 1.77 சதுர மீட்டர். புரொஜெக்டர் எத்தன லூமென் வெளிச்சம் குடுக்குதோ அத இந்தப் பரப்பளவால வகுத்தா செவுத்துல விழுற வெளிச்சம் லக்ஸ் கணக்குல வரும். 300 லூமென் உள்ள சின்ன புரொஜெக்டர்னா 170 லக்ஸ். 3000 லூமென் உள்ள ஆபீஸ் புரொஜெக்டர்னா 1700 லக்ஸ். இப்ப ரூம் வெளிச்சத்தப் பாருங்க, லைட்டு போட்ட ஆபீஸ், வகுப்பறைல எல்லாம் 300 லக்ஸ் சாதாரணமா இருக்கும். செவுத்துல ஏற்கனவே 300 லக்ஸ் விழுந்துகிட்டு இருந்தா, உங்க படத்துல கறுப்புங்கறதே அந்த 300தான், புரொஜெக்டரால கறுப்பு அடிக்க முடியாது, வெளிச்சம் போடாம விட மட்டுந்தான் முடியும். அப்ப 300 லூமென் புரொஜெக்டர்ல வெள்ளை 470, கறுப்பு 300, அதாவது 1.6க்கு 1 கூட வரல, எழுத்து தெரியாது. 3000 லூமென்ல வெள்ளை 2000, கறுப்பு 300, கிட்டத்தட்ட 7க்கு 1. சும்மா உக்காந்து பாக்குற சிலைடுக்கே கொறஞ்சது 7க்கு 1 வேணும்னு ஆடியோ விஷுவல் தொழில்ல ஒரு அளவு வச்சிருக்காங்க, படிச்சு முடிவெடுக்க வேண்டிய விஷயம்னா 15க்கு 1. இப்ப அதே 300 லூமென் புரொஜெக்டர, லைட்ட அணைச்சு சன்னல மூடி 20 லக்ஸ் அளவுக்கு இருட்டாக்குன ரூம்ல வைங்க, வெள்ளை 190, கறுப்பு 20, 9க்கு 1க்கு மேலயே வந்துடும். ஒரே மெஷின்தான், ரூம்தான் வேற.

அதனால நான் எல்லார்க்கிட்டயும் சொல்றது இதான். நீங்க பகல்ல, மத்தவங்களோட எடத்துல போயி காட்டுறவரா இருந்தா, அந்த எடத்து வெளிச்சம் உங்க கைல இல்ல, அப்ப 3000 லூமெனுக்குக் கீழ எதயும் பாக்காதீங்க. ராத்திரில, இல்ல உங்க வீட்டு ஹால்ல, திரைச்சீலை மூடக்கூடிய எடத்துல, பத்துப் பேருக்குள்ள காட்டுறவரா இருந்தா 300ல இருந்து 500 ஆன்சி லூமென் (ஆன்சின்னா என்னன்னு கீழ சொல்றேன்) உள்ள சின்னது போதும், தூக்கவும் லேசு, சத்தமும் கம்மி. நடுவுல 700, 800ன்னு வர்றது கொஞ்சம் மங்கலான ரூமுக்குச் சரியா இருக்கும், ஆனா பட்ட பகல்ல அதுவும் தோக்கும். வெட்டவெளில பகல்ல காட்டணும்னு யாராவது கேட்டா ஒத்துக்காதீங்க, வெயில் வெளிச்சம் பல்லாயிரம் லக்ஸ், எந்தப் புரொஜெக்டரும் அதுக்கு முன்னாடி நிக்காது, அதுக்குப் பிரிண்ட் எடுத்துக் கைல குடுத்துடலாம்.

இப்ப லூமென்ங்கற நம்பர் மேல எனக்கு இருக்குற ஆத்திரத்தச் சொல்லியே ஆகணும். ஆன்லைன்ல 200, 300 வெள்ளிக்கு விக்கிற பேர் தெரியாத புரொஜெக்டர் எல்லாத்துலயும் 9000 லூமென், 12000 லூமென்னு போட்டிருப்பான். நம்பாதீங்க. அந்த நம்பருக்கு எந்த அளவும் கெடையாது. உண்மையான அளவுன்னு நீங்க தேட வேண்டியது ரெண்டுதான், ஆன்சி லூமென் இல்ல ஐ.எஸ்.ஓ லூமென். ஆன்சில செவுத்துல விழுற படத்த ஒம்பது கட்டமாப் பிரிச்சு ஒவ்வொண்ணோட நடுவுலயும் வெளிச்சத்த அளந்து சராசரி எடுத்துப் பரப்பளவால பெருக்குவாங்க, ஐ.எஸ்.ஓ 21118ங்கறதும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான், இன்னும் கறாரா இருக்கும். "எல்.இ.டி லூமென்", "லைட் சோர்ஸ் லூமென்", இல்ல பேர் தெரியாத மெஷின்ல வெறும் "லூமென்"னு மட்டும் போட்டிருந்தா அது செவுத்துல விழுற வெளிச்சம் இல்லன்னு எடுத்துக்கங்க.

பொய்யான்னு கண்டுபிடிக்க ஒரு சுளுவான வழி இருக்கு, எத்தன வாட்டுன்னு பாருங்க. அடாப்டர்ல 60 வாட்டுன்னு போட்டிருக்குன்னு வைங்க. ஒரு வாட்டுக்கு எல்.இ.டி சுமார் 100 லூமென் குடுக்கும், 60 வாட்டும் அப்படியே விளக்குக்கே போனாலும் 6000தான், அதுவும் லென்ஸுக்கு உள்ளார. வெல கொறஞ்ச புரொஜெக்டர்ல ஒரே ஒரு எல்.சி.டி தகடு இருக்கும், அதுல போலரைசர் பாதிய முழுங்கிடும், நெற வடிகட்டி மிச்சத்துல மூணுல ரெண்டு பங்க முழுங்கிடும், அதுக்கப்புறம் லென்ஸும் கண்ணாடியும் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கும், கடைசில செவுத்துக்கு வர்றது சில நூறு லூமென்தான், பல நேரம் அதுவும் இல்ல. 60 வாட்டுல 9000 லூமென்னு எழுதுறவன் மத்த விஷயத்துல மட்டும் உண்மை சொல்லுவான்னு எப்படி நம்புறது? பேர் போன கம்பெனிலயும் கவனமாப் படிங்க, சாம்சங் 2022ல விட்ட ஃப்ரீஸ்டைல்ல 550 எல்.இ.டி லூமென்னுதான் போட்டிருந்தாங்க, அது ஆன்சி இல்ல, உள்ள பேட்டரியும் கெடையாது. ஆங்கர் நெபுலா கேப்சூல் 3 லேசர்ல 300 ஆன்சின்னு நேராவே போட்டிருக்காங்க, எக்ஸ்ஜிமி மோகோ 2 புரோல 400 ஐ.எஸ்.ஓன்னு போட்டிருக்காங்க. நம்பர் சின்னதா இருக்கேன்னு நெனைக்காதீங்க, இந்தச் சின்ன நம்பர்தான் உண்மையான நம்பர், 9000ன்னு போட்டதோட பக்கத்துல வச்சுப் பாத்தா எது பிரகாசமா இருக்குன்னு உடனே தெரிஞ்சிடும்.

அடுத்தது எழுத்துத் தெளிவு. இங்கயும் ஒரு ஏமாத்து இருக்கு, "1080பி சப்போர்ட்"னு போட்டிருப்பான். அதுக்கு அர்த்தம் 1080பி சிக்னல் குடுத்தா வாங்கிக்கும், ஆனா உள்ள இருக்குற தகடு 800க்கு 480ஆ இருக்கலாம், அந்த அளவுக்குச் சுருக்கித்தான் காட்டும். நீங்க பாக்க வேண்டியது "நேட்டிவ்" ரெசொலூஷன், அதாவது அந்தத் தகட்டுல உண்மையிலயே இருக்குற புள்ளிக் கணக்கு. படம் பாக்குறதுக்கு 800க்கு 480 எப்படியோ ஒப்பேத்திடும், ஆனா எக்செல்ல சம்பளக் கணக்கு, டன் கணக்கு, உரச் செலவுன்னு கட்டம் கட்டமா போட்டு வச்சிருந்தா எண்ணெல்லாம் கரைஞ்சு போயிடும், 3ஆ 8ஆன்னு தெரியாது. வேலைக்குன்னா கொறஞ்சது 1024க்கு 768, கொஞ்சம் நல்லதுன்னா 1280க்கு 800, இல்ல 1280க்கு 720. 1920க்கு 1080 நேட்டிவ் கெடச்சா சந்தோஷம், ஆனா அதுக்காக வெளிச்சத்த விட்டுக்குடுத்துடாதீங்க, மங்கலான 1080ய விட பளிச்சுன்னு தெரியுற 1280க்கு 800தான் கூட்டத்துல வேலைக்கு ஆகும். 4கே, எச்.டி.ஆர், கான்ட்ராஸ்ட் பத்தாயிரத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்குற எதயும் சட்டையே பண்ணாதீங்க.

பழைய மாடல் ஆபீஸ் புரொஜெக்டர் 1024க்கு 768ன்னா அது 4:3 வடிவம். உங்க சிலைடு 16:9ல இருந்தா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வந்து கால்வாசி வெளிச்சம் வீணாப் போகும். பவர்பாயிண்ட்ல சிலைடு சைஸ 4:3க்கு மாத்திட்டு எழுத்த சரி பண்ணிக்கிட்டீங்கன்னா முழு செவுரும் நெறையும், இதுக்குக் காசே ஆகாது.

சரி, எந்த மாதிரி மெஷின்? என் கருத்து என்னன்னா, தோட்டப்புறத்துல வேலைக்குன்னு பாத்தா முக்காவாசிப் பேருக்குப் பொருந்துறது அந்த அழகா உருளையா இருக்குற பேட்டரி புரொஜெக்டர் இல்ல, லேப்டாப் பையில போற ஆபீஸ் புரொஜெக்டர்தான். எப்சன் ஈபி ஈ01ன்னு ஒண்ணு இருக்கு, 3300 லூமென், 1024க்கு 768, எடை ரெண்டரை கிலோவுக்கு உள்ள. அதே எப்சன்ல ஈபி டபிள்யூ06ன்னா 3700 லூமென், 1280க்கு 800. மோட்டோல பின்னாடி பை மாட்டிட்டுப் போற எடைதான் இது. புதுசு ரெண்டாயிரம் வெள்ளிக்கு முன்ன பின்ன வரும், வெல ஏறும் எறங்கும், வாங்குற அன்னிக்கு ரெண்டு மூணு எடத்துல பாத்துக்கங்க. பென்கியூ, வியூசோனிக், ஏசர்லயும் இந்த ரகம் இருக்கு, அதெல்லாம் பெரும்பாலும் டி.எல்.பி முறை, அதாவது சின்னச் சின்னக் கண்ணாடி உள்ள சிப்பு, எப்சன் மூணு எல்.சி.டி முறை, செவப்பு பச்சை நீலத்துக்குத் தனித்தனித் தகடு. டி.எல்.பில வெள்ளை பளிச்சுன்னு இருக்கும் ஆனா லாம்பு போட்ட வெல கொறஞ்ச மாடல்கள்ல செவப்பு, மஞ்சள் கொஞ்சம் மங்கலா விழும், சில பேருக்குக் கண்ண வேகமாத் திருப்பும்போது ஓரத்துல வானவில் மாதிரி தெரியும். மூணு எல்.சி.டில நெறமும் வெள்ளையும் ஒரே அளவு வெளிச்சத்துல வரும், ஆனா தூசி வடிகட்டியச் சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கணும். சார்ட்டு, கிராஃபு, இல எந்த நெறத்துல இருந்தா என்ன சத்துக் கொறவுன்னு செம்பனை இல படம் எல்லாம் காட்டுறவரா இருந்தா மூணு எல்.சி.டி பக்கம் போங்க. வெறும் எழுத்துன்னா எதுவும் சரிதான்.

ரெண்டாயிரம் வெள்ளி பெரிய காசு, எனக்குத் தெரியும். அப்ப செகண்ட் ஹேண்ட் பாருங்க, கூச்சப்படாதீங்க. ஆபீஸ்கள், டிரெய்னிங் செண்டர்கள் பழசத் தள்ளிவிடும்போது 3000 லூமென் மெஷின் பாதி வெலைக்கும் கீழ வரும், ஆன்லைன்ல முடா, கெரூசெல்ல தேடுனா கெடைக்கும், கோலாலம்பூர் லோ யாட் பிளாசால கேட்டாலும் சில கடைல வச்சிருப்பாங்க. ஆனா வாங்குறதுக்கு முன்ன நேர்ல போயி, உங்க லேப்டாப்பையே எடுத்துட்டுப் போயி, பகல்லயே போட்டுப் பாருங்க. மெனுல இன்ஃபர்மேஷன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல லாம்பு எத்தன மணி நேரம் ஓடிருக்குன்னு காட்டும். இந்த ரகத்து லாம்பு சாதாரண மோட்ல சில ஆயிரம் மணி நேரம் வரும், வெளிச்சத்தக் கொறச்சு ஓட்டுற எக்கோ மோட்ல அதவிட ரொம்ப நேரம் வரும், ஆனா பழசாக ஆக வெளிச்சம் கொறைஞ்சுகிட்டே போகும், 3000 லூமென்னு பெட்டில போட்டிருந்தாலும் பாதி தேஞ்ச லாம்புல அது கெடைக்காது. லாம்பு மாத்துனா அந்த மணிக் கணக்க ரீசெட் பண்ண முடியும்ங்கறதால நம்பர மட்டும் நம்பாம கண்ணால பாருங்க. ஒரு வெறும் வெள்ளை சிலைடு போடுங்க, ஒரு பக்கம் மஞ்சளாவோ நீலமாவோ திட்டு தெரிஞ்சா உள்ள தகடு வெந்து போச்சுன்னு அர்த்தம், வேணாம். அப்புறம் முழு கறுப்பு சிலைடு போடுங்க, வெள்ளை வெள்ளையா புள்ளி மின்னுனா டி.எல்.பி சிப்பு போக ஆரம்பிச்சிருச்சு, இன்னிக்குப் பத்துப் புள்ளின்னா கொஞ்ச நாள்ல நூறாகும், அதுவும் வேணாம். அர மணி நேரம் விடாம ஓட விட்டுப் பாருங்க, சூடாகி அணைஞ்சு போற மெஷின் அந்த நேரத்துக்குள்ள காட்டிக்குடுத்துடும். புது லாம்பு என்ன வெல, கெடைக்குதான்னு வாங்குறதுக்கு முன்னாலயே தேடிப் பாத்துட்டு அந்தக் காசையும் சேத்துத்தான் வெல பேசணும்.

எல்.இ.டி, லேசர் உள்ளதுல இந்த லாம்பு தொல்லை இல்ல, 20,000 மணி நேரத்துக்கு மேலன்னு போட்டிருப்பாங்க, வாரம் ரெண்டு கூட்டம் நடத்துறவங்களுக்கு அது ஆயுசுக்கும் போதும். அணைச்ச உடனே பையில போட்டுட்டுக் கெளம்பலாம், லாம்பு மெஷின்னா காத்தாடி நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், அவசரத்துல பிளக்கப் புடுங்குனா லாம்பு சீக்கிரம் போயிடும்.

தூரக் கணக்கு ஒண்ணு இருக்கு, இத விட்டுட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனப்புறம்தான் ஹால் பத்தலன்னு தெரியும். ஸ்பெக்ல "த்ரோ ரேஷியோ"ன்னு ஒரு எண் இருக்கும், 1.2ன்னு வைங்க. படத்தோட அகலத்த அந்த எண்ணால பெருக்குனா புரொஜெக்டர் எவ்ளோ தூரத்துல இருக்கணும்னு வரும். 80 இஞ்ச் படம் 1.77 மீட்டர் அகலம், 1.2ஆல பெருக்குனா 2.1 மீட்டர். ரேஷியோ 1.5ன்னா 2.65 மீட்டர். லய வீட்டு முன் அறை, இல்ல சின்ன ஷாப்லாட் ஆபீஸ்ல 2.65 மீட்டர் தள்ளி வச்சா மெஷினு ஆளுங்க நடுவுல உக்காந்திருக்கும், சூடும் சத்தமும் பக்கத்துல இருக்குறவர் காதுக்கு. அதனால மொதல்ல டேப்பு எடுத்து அளங்க.

எத்தன பேருக்குக் காட்டப் போறீங்கங்கறதும் இதோட சேந்தது. கடைசி வரிசைல உக்காந்திருக்குறவர் படத்தோட உயரத்துல ஆறு மடங்கு தூரத்துக்குள்ள இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு, 80 இஞ்ச் படம் ஒரு மீட்டர் உயரம், அப்ப ஆறு மீட்டர் வரைக்கும்தான். பள்ளிக்கூட டேவான்ல அதுக்குப் பின்னாலயும் நாற்காலி போட்டிருப்பாங்க, ஒண்ணு நாற்காலிய முன்னாடி இழுக்கணும், இல்ல படத்தப் பெருசாக்கணும், பெருசாக்குனா வெளிச்சம் பரவிப் போகும், 100 இஞ்ச்னா 2.75 சதுர மீட்டர், 3000 லூமென் 1090 லக்ஸுக்கு எறங்கிடும். எதுக்கும் வெளிச்சத்த அதிகமா வச்சு வாங்குங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கீஸ்டோன் பத்தி கொஞ்சம். மெஷின சாச்சு வச்சா படம் கோணலா விழும், கீஸ்டோன் போட்டா நேராகும், ஆட்டோ கீஸ்டோன்னு இப்ப எல்லாத்துலயும் வருது. வசதிதான், ஆனா அது பிக்சல வெட்டித்தான் நேராக்குது, எழுத்து கூர்மை போயிடும், வெளிச்சமும் போகும். முடிஞ்ச வரைக்கும் நேரா வைங்க, உயரம் பத்தலன்னா பிஸ்கட் டின் வச்சு ஏத்துங்க, அதுக்கப்புறம் மிச்சம் இருக்குற கோணலுக்கு மட்டும் கீஸ்டோன் போடுங்க.

ஒயரு விஷயம்தான் நேரத்துல காலை வாரும். எச்.டி.எம்.ஐ ஓட்டை கட்டாயம் இருக்கணும், அஞ்சு மீட்டர் எச்.டி.எம்.ஐ கேபிள் உங்க பையிலயே இருக்கணும், மெஷினோட குடுக்குற ஒயரு மேசைல இருந்து தரைக்குக்கூட எட்டாது. மேக்புக் ஏர், இல்ல இப்ப வர்ற மெல்லிசு லேப்டாப்புக்கு யு.எஸ்.பி சி டு எச்.டி.எம்.ஐ அடாப்டர் தேவை. சில பள்ளிக்கூடத்துல இன்னும் வி.ஜி.ஏ மட்டும் உள்ள பழைய கம்ப்யூட்டர் இருக்கு, ஆபீஸ் புரொஜெக்டர்னா வி.ஜி.ஏவும் சேந்தே வரும், சின்ன புரொஜெக்டர்ல இருக்காது. ஹேண்ட்போன்ல இருந்து காட்டலாம்னு நெனைக்கிறவங்க ஒண்ணத் தெரிஞ்சுக்கங்க, யு.எஸ்.பி சி இருக்குற எல்லா ஹேண்ட்போனும் ஒயரு வழியா படம் அனுப்பாது, டிஸ்ப்ளே போர்ட் வசதி உள்ளதுதான் அனுப்பும், வெல கொறஞ்ச ஆண்ட்ராய்டு நெறைய அனுப்பாது. ஐபோன் 15ல இருந்து அனுப்பும். அதே மாதிரி புரொஜெக்டர்ல யு.எஸ்.பி சி ஓட்டை இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க, பல மெஷின்ல அது கரண்டுக்கு மட்டுந்தான்.

ஒயரு இல்லாம காட்டுறது, அதாவது மிராகாஸ்ட், ஏர்பிளே, நல்லாத்தான் இருக்கும். மிராகாஸ்டுக்கு இண்டர்நெட் தேவையில்ல, ஹேண்ட்போனும் புரொஜெக்டரும் நேரா பேசிக்கும். ஆனா கூகுள் பிக்சல் போன்ல மிராகாஸ்ட் கெடையாது, ஐபோன்லயும் கெடையாது. ஐபோன்ல இருக்குறது ஏர்பிளே, அதுக்குப் போனும் புரொஜெக்டரும் ஒரே வைஃபைல இருக்கணும், தோட்டத்துக்கு உள்ள வைஃபை ஏது, இன்னொரு போன்ல ஹாட்ஸ்பாட் போட்டாத்தான் உண்டு. ஒயருலெஸ்ஸ நம்பி ஒயரு எடுத்துட்டுப் போகாம இருக்காதீங்கன்னு தாழ்மையாக் கேட்டுக்குறேன். பென்டிரைவ்ல சிலைடு எல்லாத்தயும் ஜேபெக் படமா மாத்தி ஒரு காப்பி வச்சுக்கங்க, லேப்டாப் ஒத்துழைக்கலன்னாலும் பென்டிரைவச் செருகி ஒவ்வொண்ணா தள்ளிக் காட்டிடலாம். சின்ன புரொஜெக்டர்ல பவர்பாயிண்ட் ஃபைல் அப்படியே திறக்கும்னு எதிர்பாக்காதீங்க.

கரண்டு பத்தி. பேட்டரி உள்ள மெஷினு ரெண்டு ரெண்டரை மணி நேரம் வரும்னு போட்டிருப்பாங்க, அது வெளிச்சத்தக் கொறச்சு ஓட்டுற எக்கோ மோட் கணக்கு. பெரட்டுக் கொட்டகைல பிளக்கு பாயிண்ட் இல்லன்னா பேட்டரி மெஷின் உண்மையிலயே கை குடுக்கும், அங்க அதான் சரி. பேட்டரி இல்லாத சின்ன மெஷின் சிலது பவர் பேங்குல ஓடும், ஆனா சாதாரண ஹேண்ட்போன் பவர் பேங்கு பத்தாது, 65 வாட் பி.டின்னு போட்டது தேவை, மோகோ 2 புரோ அந்த ரகம். ஜென்செட்டுல இருந்து எடுக்குறதா இருந்தா நல்ல சர்ஜ் புரொடெக்டர் வழியா எடுங்க, வோல்டேஜ் ஏறி எறங்கும். நம்ம ஊர்ல மத்தியானத்துக்கு மேல இடி மின்னலுக்குக் கொறவே இல்லங்கறதாலயும் அந்த சர்ஜ் புரொடெக்டர் தேவை, மின்னல் கிட்ட வந்துட்டா கூட்டத்த நிறுத்திட்டு பிளக்கக் கழட்டிடுங்க.

வெளிநாட்டுல இருந்து நேரா வர்ற மெஷின்ல ரெண்டு கால் பிளக்கு வரும், இங்க மூணு கால் சதுர பிளக்கு. பேனா முனைய சாக்கெட்டுல குத்தித் தொறந்து ரெண்டு கால் பிளக்கச் செருகுறத நெறைய எடத்துல பாக்குறேன், தயவு செஞ்சு பண்ணாதீங்க, உயிர் போற விஷயம் அது, அதுவும் சேஃப்டி டிரெய்னிங் குடுக்க வந்த எடத்துல. சிரிம் ஸ்டிக்கர், அதாவது தரம் பாத்து ஒட்டுற ஸ்டிக்கர், ஒட்டுன அடாப்டர், சிரிம் ஸ்டிக்கர் ஒட்டுன எக்ஸ்டென்ஷன், ரெண்டும் ஹார்ட்வேர் கடைலயே கெடைக்கும். மெஷினோட பவர் அடாப்டர்லயும் அந்த ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க.

சத்தம். உள்ள இருக்குற ஸ்பீக்கர் வீட்டு ஹாலுக்குப் போதும், தகரக் கூரை மேல மழை அடிக்கும்போது உங்க வீடியோல ஒரு வார்த்தை கேக்காது. தனியா ஸ்பீக்கர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, ஒயரு போட்டு லேப்டாப்புல மாட்டுறதுதான் நல்லது, புளூடூத்ல வாய் அசைவுக்கும் சத்தத்துக்கும் கொஞ்சம் இடைவெளி வரும்.

செவுரு வெள்ளையா இருந்தா ஸ்கிரீன் வாங்கவே வேணாம். ஆனா தோட்டத்து டேவான், பள்ளிக்கூட செவுரு பல எடத்துல பச்சை, இல்ல ரெண்டு நெறமா பாதி பாதி அடிச்சிருப்பாங்க, அதுல படம் போட்டா நெறமெல்லாம் மாறிப் போயிடும். மூணு கால் ஸ்டாண்டோட வர்ற மேட் வெள்ளை ஸ்கிரீன் 70க்கு 70 இஞ்ச் வெல அதிகமில்ல, காத்தாடிக்கு நேரா வைக்காதீங்க, ஆடிக்கிட்டே இருக்கும். வகுப்பறை வைட்போர்டு மேல போடாதீங்க, பளபளப்புல நடுவுல வெளிச்சம் பந்து மாதிரி அடிச்சு முன்னால இருக்குறவங்களுக்குக் கண்ணு கூசும். வேற வழியில்லன்னா வெள்ளை மஹ்ஜோங் பேப்பர், அதாவது பெரிய சார்ட்டுத் தாள், நாலு சேத்து ஒட்டிடலாம், அது நல்லாவே வேல செய்யும்.

வெயில்ல நிக்கிற காடிக்குள்ள மெஷின விட்டுட்டுப் போகாதீங்க, பேட்டரி உள்ளதுன்னா அது ஆபத்தே. வீட்டுல வைக்கும்போது மூடுற பிளாஸ்டிக் பெட்டில சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க, நம்ம ஊர் ஈரத்துல லென்ஸுல பூசணம் பிடிச்சா துடைச்சாலும் போகாது, எறும்பும் சூடான மெஷினுக்குள்ள போயி கூடு கட்டும். வடிகட்டிய மாசத்துக்கு ஒருக்கா கழட்டித் தூசி தட்டுங்க, செம்மண் ரோட்டு ஓரத்துல இருக்குற எடத்துல காட்டிட்டு வந்தா அன்னிக்கே தட்டுங்க.

கடைசியா வாங்குற விஷயம். ஆன்லைன்ல வெளிநாட்டு வியாபாரிகிட்ட 500 வெள்ளி, இல்ல அதுக்குக் கொறஞ்ச சாமான் வாங்குனா 2024 ஜனவரி 1ல இருந்து 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, வெல ஒப்பிடும்போது அதயும் சேத்துப் பாருங்க, சேத்தா பல நேரம் உள்ளூர்ல வாரண்டியோட விக்கிறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வாரண்டின்னு போட்டிருந்தா யார் குடுக்குற வாரண்டின்னு கேளுங்க, கம்பெனியோட மலேசியக் கிளையா, கடைக்காரரோடதா, எங்க கொண்டு போயி குடுக்கணும்? "இண்டர்நேஷனல் வாரண்டி"ன்னா தபால் செலவு உங்க தலைல விழலாம். சாமான் வந்த உடனே பெட்டிய பிரிக்கிறதயே வீடியோ எடுங்க, அன்னிக்கே பகல்ல, நீங்க காட்டப் போற அதே ரூம்ல, உங்க உண்மையான எக்செல் ஃபைலப் போட்டுப் பாருங்க, வெள்ளை சிலைடு கறுப்பு சிலைடு ரெண்டும் போட்டுப் பாருங்க, எழுத்து தெரியலன்னா திருப்பி அனுப்புற நாள் முடியுறதுக்குள்ள அனுப்பிடுங்க.

உள்ளூர் வியாபாரி பொய்யான லூமென் போட்டு வித்துட்டு, திருப்பி எடுக்க மாட்டேன்னு சொன்னா சும்மா விட்டுடாதீங்க. மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம்னு இருக்கு, 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ அமைச்சது, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்ல, மனு குடுக்க 5 வெள்ளிதான். விளம்பரப் பக்கத்த ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருங்க, வாங்குற அன்னிக்கே எடுங்க, அப்புறம் அவன் நம்பர மாத்திடுவான். ரசீது, பேசுன சாட்டு, பிரிச்ச வீடியோ எல்லாத்தயும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வாரண்டி முடியுற வரைக்கும் அழிக்காம வச்சுக்கங்க.